310 மைல் என்று எழுதியிருந்தது

2023 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், கொலம்பஸிலிருந்து கிளீவ்லாந்துக்கு ஐ-71 நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தோம். வெளியே 14 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது மைனஸ் 10 செல்சியஸ். எங்கள் மின்சார பிக்கப், பின்னால் திறந்த சரக்குத் தொட்டி இருக்கும் வண்டி, கைக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. கிளீவ்லாந்தில் படிக்கும் அக்கா மகள் வீடு மாறுகிறாள். கட்டிலையும் மேசையையும் ஏற்றி இறக்கிவிட்டு அன்று இரவே திரும்புவதாகத் திட்டம். போக 140, வர 140, ஆக மொத்தம் 280 மைல். ஒரு முழு சார்ஜில் ஓடும் என்று வண்டியின் ஸ்டிக்கரில் இருந்தது 310. முப்பது மைல் மிச்சம் இருக்கும் என்று முதல் நாள் இரவே மனசுக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

மேன்ஸ்ஃபீல்டைத் தாண்டும்போது என் மனைவி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னங்க, நாம ஓடுற மைலைவிட அந்த நம்பர் வேகமா குறையுதே?" என்றாள். உண்மைதான். பத்து மைல் ஓடினால் திரையில் பதினைந்து குறைந்தது. நான் வேகத்தை 72-லிருந்து 65-க்குக் குறைத்தேன். ஹீட்டரை இரண்டு புள்ளி இறக்கினேன். அவள் ஒன்றும் சொல்லாமல் பின்சீட்டில் இருந்த சால்வையை எடுத்துக் கால்மேல் போட்டுக்கொண்டாள். எழுபதாயிரம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கிய வண்டியில் அவள் அப்படி உட்கார்ந்து வந்தது இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

கிளம்பும்போது 90 சதவீதம் இருந்த பேட்டரி, போய்ச் சேர்ந்தபோது 18. நாலு மணி நேரம் வண்டி பனியில் நின்றது. சார்ஜ் போடப் போனபோது 16 ஆகியிருந்தது. அந்த நிலையத்தில் சார்ஜ் ஏறும் வேகம் 150 கிலோவாட் என்று போர்டு இருந்தது. செருகியதும் வந்தது 38. பிளக்கின் பூட்டு உறைந்து முதல் மூன்று தடவை பிடிக்கவே இல்லை; கையுறையைக் கழற்றி உள்ளங்கைச் சூட்டில் அதைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்த பிறகுதான் 'டக்' என்று உட்கார்ந்தது. 85 சதவீதம் ஏற ஒரு மணி ஐம்பது நிமிடம். நடுவில் அக்கா மகள் போன் செய்தாள். "மாமா, வீட்டுக்குப் போயாச்சா?" நாங்கள் அவள் வீட்டிலிருந்து நாலு மைலில்தான் இருந்தோம். அதைச் சொல்ல மனசு வராமல், "போய்க்கிட்டே இருக்கோம்மா" என்றேன்.

அந்த ஒரு சார்ஜுக்கு 47 டாலர் ஆனது. திரும்பி வரும் 140 மைலுக்கு என் பழைய பெட்ரோல் பிக்கப் 25 டாலருக்குள் முடித்திருக்கும்.

இதை எழுதுவது மின்சார வண்டி வேண்டாம் என்று சொல்ல அல்ல. அந்த வண்டி இன்றும் என் வீட்டு வாசலில்தான் நிற்கிறது, தினமும் ஓட்டுகிறேன். எந்தக் கம்பெனி என்று எழுதப் போவதில்லை. அன்று எனக்குத் தெரியாமல் இருந்த சில விஷயங்கள் தெரிந்திருந்தால் வேறு விதமாக முடிவு எடுத்திருப்பேன். வாங்கப் போகிறவர்களுக்கு அவை முன்கூட்டியே தெரியவேண்டும்.

முதலில் விலை. எங்களை வரிசையில் நிறுத்தியதே ஒரு நம்பர்தான்: நாற்பதாயிரம் டாலர். 2019 நவம்பரில் டெஸ்லா சைபர்டிரக்கை அறிமுகம் செய்தபோது சொன்ன ஆரம்ப விலை 39,900. மூன்று மோட்டார் வண்டிக்கு 69,900 டாலர், 500 மைலுக்கு மேல் ரேஞ்ச், அதாவது ஒரு முழு சார்ஜில் ஓடும் தூரம், என்றார்கள். 2021 மே மாதம் ஃபோர்டு எஃப்-150 லைட்னிங்கை அறிவித்தது. அதுவும் 39,974-ல் ஆரம்பம். ஒரு சாதாரண பெட்ரோல் பிக்கப்பின் விலை அது. கொத்தனார், தச்சர், தோட்டவேலை செய்பவர், வார இறுதியில் டிரெய்லர் இழுக்கும் குடும்பத்துக்காரன் எல்லோரும் 'இது நமக்கான வண்டி' என்று நினைத்தது அதனால்தான். நூறு டாலர் கட்டினால் பதிவு. வேண்டாமென்றால் திருப்பித் தருவார்கள். நானும் அந்தக் கோடையில் ஒரு கம்பெனியில் நூறு டாலர் கட்டினேன்.

பிறகு நடந்தது ஊரறிந்தது. லைட்னிங்கின் ஆரம்ப விலை படிப்படியாக ஏறி, 2023 மார்ச்சில் 59,974-ல் நின்றது. அதே ஆண்டு ஜூலையில் 49,995-க்கு இறக்கினார்கள். ரிவியன் என்ற மின்சார வண்டிக் கம்பெனி 2022 மார்ச் 1-ஆம் தேதி தன் ஆர்1டி பிக்கப்பின் விலையைச் சுமார் 17 சதவீதம் ஏற்றியது, ஏற்கெனவே பதிவு செய்து காத்திருந்தவர்களுக்கும் சேர்த்து. எதிர்ப்பு கிளம்பி இரண்டே நாளில் அதன் தலைவர் ஆர்.ஜே. ஸ்கேரிஞ்ச் மன்னிப்புக் கேட்டு, பழைய பதிவுகளுக்குப் பழைய விலையே என்று மாற்றினார். சைபர்டிரக் 2023 நவம்பர் 30-ஆம் தேதி வெளிவந்தபோது இரண்டு மோட்டார் வண்டி 79,990 டாலர், 340 மைல். மூன்று மோட்டார் வண்டி 99,990, அதன் ரேஞ்ச் 320. 500 மைலைக் காணோம். சரக்குத் தொட்டியில் கூடுதல் பேட்டரி ஒன்றைப் பொருத்தினால் 470-க்கு மேல் வரும் என்றார்கள். தொட்டியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இடம் அதற்கே போய்விடும். 2025-ல் அந்தத் திட்டத்தையும் கைவிட்டார்கள்.

என் கதையும் இதே அச்சுதான். என் முறை வந்தபோது நான் பதிவு செய்த அடிப்படை மாடல் கிடைக்கவில்லை. அது பெரிய நிறுவனங்களுக்கு மொத்தமாகப் போகிறது என்றார்கள். கிடைத்தது பெரிய பேட்டரி போட்ட நடுத்தர மாடல், 74,000 டாலர். டீலர் அதன்மேல் 'மார்க்கெட் அட்ஜஸ்ட்மென்ட்' என்று, அதாவது கிராக்கிக்காக, 5,000 கூட்டிப் போட்டார். தாளைத் திருப்பி வைத்துவிட்டு எழுந்து வந்தேன். பதிவை அறுபது மைல் தள்ளி இருக்கும் இன்னொரு டீலருக்கு மாற்ற ஏழு வாரம் ஆனது. அந்த ஐயாயிரம் மிச்சம். இன்றைக்கும் நான் திருப்தியாக நினைக்கும் ஒரே முடிவு அது.

ஆனால் அந்த ஏழு வாரத்தில் நான் என்னையே ஒரு கேள்வி கேட்டிருக்கவேண்டும், கேட்கவில்லை. நாற்பதாயிரத்துக்கு 'ஆம்' என்று சொன்ன மனசு எழுபத்து நாலாயிரத்துக்கும் 'ஆம்' என்று சொல்லுமா? ஒன்றரை வருடம் காத்திருந்ததே ஒரு முதலீடு மாதிரி ஆகிவிடுகிறது. விட்டுவிட்டால் அத்தனை நாள் காத்திருந்ததும் வீண் என்று தோன்றுகிறது. நூறு டாலர் கட்டியது வரிசையில் ஒரு இடத்துக்குத்தான். அது விலைக்கு உத்தரவாதம் இல்லை. பதிவு செய்யும்போதே ஒரு தாளில் 'இதற்கு மேல் போனால் வாங்கமாட்டேன்' என்று ஒரு தொகையை எழுதி, வீட்டில் இன்னொருவர் கையில் கொடுத்து வையுங்கள். என் மனைவியிடம் அப்படி ஒரு தாள் இருந்திருந்தால் அவள் அதை எடுத்து நீட்டியிருப்பாள்.

இப்போது நான் புரிந்துகொண்ட முக்கியமான விஷயம்: விலையும் ரேஞ்சும் தனித்தனிப் புகார்கள் அல்ல, இரண்டும் பேட்டரியில்தான் வந்து நிற்கின்றன. மின்சார வண்டிக்கு 'ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை மைல்' என்பதுதான் மைலேஜ். நல்ல மின்சார செடான் கார் ஒரு யூனிட்டில் மூன்றரை, நாலு மைல் ஓடும். பிக்கப்பின் உயரம், செங்குத்தான முகப்பு, பெரிய டயர், எடை எல்லாம் சேர்ந்து இரண்டு, இரண்டேகாலுக்கு வந்துவிடும். அதே 300 மைலுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு பேட்டரி வேண்டும். வண்டியில் மிக விலை உயர்ந்த ஒற்றைப் பாகமே அதுதான். பேட்டரி பெரிதானால் வண்டி கனக்கும், கனத்த வண்டி இன்னும் தின்னும். லைட்னிங்கில் சின்ன பேட்டரி 98 யூனிட், பெரியது 131. அந்த 33 யூனிட் வித்தியாசம் தருவது 80, 90 மைல். அதற்குப் பல ஆயிரம் டாலர் வித்தியாசம். 2019-லும் 2021-லும் மேடையில் சொன்ன விலையும் மைலும் ஒரே வண்டியில் சேர்வது எவ்வளவு கஷ்டம் என்பதை இந்தக் கணக்கை அன்றே போட்டிருந்தால் நானே கண்டுபிடித்திருப்பேன்.

ஸ்டிக்கரில் இருக்கும் மைல் பொய் இல்லை. அது வேறு ஒரு நாளின் உண்மை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான இ.பி.ஏ.வின் விதிப்படி ஆய்வகத்தில், உருளைகளின்மேல் வண்டியை ஓட்டி எடுக்கும் எண் அது. நகர ஓட்டம் 55 சதவீதம், நெடுஞ்சாலை 45 சதவீதம் என்று கலப்பார்கள். அந்த நெடுஞ்சாலைச் சோதனையின் சராசரி வேகம் மணிக்கு 48 மைல், உச்சம் 60. கிடைத்த எண்ணை நிஜ வாழ்க்கைக்காக 0.7 போன்ற ஒரு காரணியால் குறைத்துத்தான் ஒட்டுகிறார்கள். அப்படிக் குறைத்தும், மைனஸ் பத்தில் மணிக்கு 72 மைலில் போகும் உயரமான வண்டிக்கு அது போதாது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 60-லிருந்து 72-க்குப் போனால் வேகம் ஐந்தில் ஒரு பங்குதான் கூடுகிறது, காற்று எதிர்ப்போ 44 சதவீதம் கூடிவிடும். ஐ-71-ல் 65-க்குக் குறைத்தது ஹீட்டரைக் குறைத்ததைவிட எனக்கு அதிகம் உதவியது. இது தெரிந்திருந்தால் அவள் சால்வையைத் தேடியிருக்க வேண்டியதே இல்லை.

குளிர் இன்னொரு பக்கம் கடிக்கிறது. பெட்ரோல் எஞ்சினின் வீணான சூட்டில் கார் உள்ளே இதமாக இருக்கும். மின்சார வண்டியில் அப்படி வீணாகும் சூடு குறைவு என்பதால் அதே இதத்துக்குப் பேட்டரியிலிருந்து யூனிட் போகிறது. பேட்டரியும் தன்னைச் சூடேற்றிக்கொள்ள யூனிட் எடுக்கும். குளிர்ந்த பேட்டரி வேகமான சார்ஜை ஏற்காது; அன்று 38 கிலோவாட்டில் நின்றதற்குக் காரணம் அதுதான். இப்போது இரண்டு பழக்கம் வைத்திருக்கிறேன். வீட்டில் பிளக் செருகியபடியே, கிளம்பும் நேரத்தை வண்டியில் குறித்துவிடுவேன். உள்ளறையும் பேட்டரியும் வீட்டு மின்சாரத்தில் சூடாகிவிடும். வழியில் சார்ஜ் போடவேண்டுமென்றால் நிலையத்தின் பெயரை வண்டியின் வழிகாட்டியிலேயே போட்டுக்கொண்டு போவேன். போனில் வழி பார்த்துக்கொண்டு போனால் நாம் சார்ஜ் போடப் போகிறோம் என்பது வண்டிக்குத் தெரியாது. பேட்டரியைத் தயார் செய்யாது. அடுத்த ஜனவரியில் இதே கிளீவ்லாந்துக்குப் போனபோது அதே மாதிரி குளிரில் 35 நிமிடத்தில் வேலை முடிந்தது. போய்ச் சேர்ந்ததும், பேட்டரி ஆறுவதற்கு முன்பே சார்ஜ் போட்டேன்.

நெடும்பயணத்தில் இன்னொரு கழித்தல் உண்டு. பத்து சதவீதத்துக்குக் கீழே இறங்க யாருக்கும் மனசு வராது. எண்பதுக்கு மேல் சார்ஜ் ஏறும் வேகம் நன்றாகக் குறைந்துவிடும். ஆக முதல் தடவைக்குப் பிறகு ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் இடையே கையில் இருப்பது பேட்டரியில் 70 சதவீதம். என் 130 யூனிட்டில் அது 91. குளிரில் ஒன்றரை மைல் வீதம் 136 மைல். 310 என்று எழுதியிருந்த இடத்தில் 136.

டிரெய்லர் கதை இதைவிட வலித்தது. பிக்கப் வாங்கியதே அதற்காகத்தான். ஜூலையில், 24 அடி கேம்பரை, அதாவது பின்னால் இழுத்துச் செல்லும் நடமாடும் வீட்டை, மாட்டிக்கொண்டு ஈரி ஏரிக்கரைக்கு, சான்டஸ்கி பக்கம் போனோம். சுமார் 110 மைல். இழுக்கும் திறன் எவ்வளவோ அதில் பாதிகூட இல்லை எங்கள் கேம்பரின் எடை. அதனால் கவலையே படவில்லை. மலை ஏற்றத்திலும் வண்டி மூச்சு வாங்காது, பெட்ரோல் வண்டியை ஓட்டியவர்களுக்கு அந்த அமைதி ஆச்சரியமாக இருக்கும். ஆனால் ஏரியிலிருந்து வீசிய எதிர்க்காற்றில் ஒரு யூனிட்டுக்கு ஒரு மைல்தான் கிடைத்தது. 100 சதவீதத்தில் கிளம்பி 15-ல் போய் நின்றோம்.

வண்டியின் இழுவைத் திறனை எடையில் சொல்கிறார்கள். ரேஞ்சைத் தின்பது எடையைவிட டிரெய்லரின் உயரமும் அகலமும்தான். ஒரு தாழ்வான டிரெய்லரில் டைல்ஸ் பெட்டிகளைக் கனமாக அடுக்கிக்கொண்டு போனால்கூட, காலியாக இருக்கும் உயரமான கேம்பரைவிடக் குறைவாகத்தான் செலவாகும். டீலரிடம் நான் கேட்டது 'எத்தனை பவுண்டு இழுக்கும்' என்று. 'என் கேம்பரோடு எத்தனை மைல் போகும்' என்று கேட்டிருக்கவேண்டும்.

அடுத்தது சார்ஜ் நிலையம். பெரும்பாலான நிலையங்கள் கார் மூக்கை நுழைத்து நிற்கும் விதத்தில்தான் கட்டப்பட்டிருக்கின்றன. டிரெய்லரோடு உள்ளே போகவே முடியாது. திரும்பி வரும்போது ஒரு கடையின் வாகன நிறுத்தத்தில் கேம்பரைக் கழற்றிவிட்டு, மனைவியையும் மகனையும் அதற்குக் காவல் வைத்துவிட்டு, நான் மட்டும் போய்ச் சார்ஜ் போட்டுவந்து மறுபடி மாட்டினேன். ஜாக்கியைச் சுற்றி இறக்கி, சங்கிலிகளைக் கழற்றி, விளக்கு வயரைப் பிடுங்கி, பிறகு எல்லாவற்றையும் தலைகீழ் வரிசையில் மறுபடி செய்து முடிக்க வெயிலில் நாற்பது நிமிடம். கேம்ப் மைதானத்தில் 50 ஆம்பியர் பிளக் இருந்தால் ராத்திரியில் 80 யூனிட் வரை ஏற்றிக்கொள்ளலாம், ஆனால் எல்லா இடத்திலும் அனுமதிக்கமாட்டார்கள். சில இடங்களில் தனிக் கட்டணம். நாங்கள் போன இடத்தில் அனுமதி இல்லை என்பதே போன பிறகுதான் தெரியும். இடம் பதிவு செய்யும்போதே போனில் கேட்டுவிடுங்கள்.

பணத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம். வீட்டில் 48 ஆம்பியர் சார்ஜர் போட 60 ஆம்பியர் தனி சர்க்யூட் வேண்டும். எலக்ட்ரீஷியன் கூலி, சார்ஜர் எல்லாம் சேர்த்து எனக்கு 1,900 டாலர். வீட்டின் மின்சார இணைப்புப் பேனல் 100 ஆம்பியராக இருந்து அதையும் மாற்றவேண்டி வந்தால் செலவு பலமடங்கு. ஒஹாயோவில் மின்சார வண்டிக்கு வருடப் பதிவோடு கூடுதலாக 200 டாலர். 2023-ல் மத்திய அரசின் 7,500 டாலர் வரிச்சலுகை இருந்தது. பிக்கப்புக்கு கம்பெனி விலை 80,000-ஐத் தாண்டக்கூடாது, தம்பதியர் சேர்ந்து கணக்குக் காட்டினால் வருமானம் மூன்று லட்சத்தைத் தாண்டக்கூடாது. டீலர் ஒரு அலங்காரப் பேக்கேஜைச் சேர்க்கச் சொன்னபோது கூட்டிப் பார்த்தேன். எண்பதைத் தாண்டியிருக்கும். அந்தச் சலுகையே 2025 செப்டம்பர் 30-ஓடு போய்விட்டது. இப்போது வாங்குபவர்கள் யாராவது பழைய கணக்கைச் சொன்னால் நம்பவேண்டாம்.

2023 கோடையிலேயே என் மாடலின் விலையைக் கம்பெனி குறைத்தது. நான் வாங்கி ஆறு மாதம். ஒரு ராத்திரியில் என் வண்டியின் மறுவிற்பனை மதிப்பு பல ஆயிரம் டாலர் விழுந்தது. கோபம் வந்தது, இப்போதும் நினைத்தால் வரும். ஆனால் பணத்தைவிட என்னைச் சுட்டது வேறு. அந்த மேடையில் அவர்கள் காட்டியது உழைக்கிறவனின் வண்டி. வந்து சேர்ந்தது வசதியானவனின் வண்டி. நூறு டாலர் கட்டி எனக்குப் பின்னால் நின்றவர்களில் எத்தனையோ பேர் என்னைப்போலக் கடன் வாங்கி ஈடுகட்ட முடியாமல் விலகியிருப்பார்கள்.

அதே வண்டி என் வாரநாட்களில் எப்படி இருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். தினம் நாற்பது மைல், ராத்திரி வீட்டில் சார்ஜ், யூனிட் 14 சென்ட். பெட்ரோல் நிலையத்தில் நின்றதே மறந்துவிட்டது. எண்ணெய் மாற்றம் இல்லை. பின்புறம் இருக்கும் பிளக்கில் ரம்பத்தை மாட்டி நண்பர் வீட்டுக் கொல்லையில் ஒரு முழு வேலி போட்டோம். ஊருக்குள் இதற்கு இணையான வண்டியை நான் ஓட்டியதில்லை.

போன வருடம் ஒரு தம்பி போன் செய்தான். இதே ஊரில் சமையலறை மராமத்து வேலை எடுத்துச் செய்கிறவன். "அண்ணா, உங்க மாதிரியே ஒரு வண்டி எடுக்கலாம்னு இருக்கேன். முன்னூறு மைல் போகுமாமே?" என்றான். நான் பதில் சொல்லவில்லை. சாவியைக் கொடுத்து, வெள்ளி சாயங்காலம் எடுத்துக்கொண்டு போய் உன் டிரெய்லரை மாட்டி, உன் வேலைக்கு ஓட்டிப்பார்த்துவிட்டுத் திங்கள் கொண்டுவா என்றேன். இப்படி ஒரு நண்பர் இல்லாதவர்கள் அந்த வண்டியையே இரண்டு நாள் வாடகைக்கு எடுக்கலாம். முந்நூறு, நானூறு டாலர் போகும், போகட்டும்.

திங்கள் காலை வந்தான். பழைய ரசீது ஒன்றின் பின்னால் கணக்கு எழுதியிருந்தான். டிரெய்லர் இல்லாமல் யூனிட்டுக்கு 2.2. தாழ்வான டிரெய்லரில் கல் ஏற்றினால் 1.5. "நான் ஒரு நாளைக்கு அறுபது மைலைத் தாண்டுறதே இல்லண்ணா. வருஷத்துல ரெண்டு தடவை சிகாகோ போறேன், அதுக்கு வீட்டுல அவ வண்டி இருக்கு. எனக்கு எதுக்கு அவ்வளவு பெரிய பேட்டரி?"

மூன்று வாரம் தேடினான். சின்ன பேட்டரி போட்ட, இரண்டு வருடம் ஓடிய வண்டி ஒன்று கிடைத்தது. பேட்டரியின் எட்டு வருட வாரண்டியில் இன்னும் ஆறு வருடம் பாக்கி இருந்தது. 38,500 டாலர்.